போக்கர் போட்டியின் தொடக்கத்திலேயே நல்ல கை வந்தால் எல்லாச் சிப்ஸையும் வைக்கலாமா?

போக்கர் டோர்னமென்ட் ஆடத் தொடங்கும் யாருக்கும் இரண்டு அறிவுரைகள் தேடி வந்துவிடும். "ஆரம்பத்துலயே ரிஸ்க் எடுக்காதே, முதல்ல உள்ளே இரு" என்பது ஒன்று. "சிப்ஸ் சேராம ஜெயிக்க முடியாது, நல்ல சீட்டு வந்தா தைரியமா வை" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் அனுபவம் உள்ளவர்கள்தான். சிக்கல் என்னவென்றால், இவை இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். முதலாவது, சிப்ஸுக்கு என்ன மதிப்பு என்பதைப் பற்றியது. இரண்டாவது, கையில் இருப்பது உண்மையில் எவ்வளவு வலுவான கை என்பதைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஜோடி ஏஸை வைத்துக்கொண்டு பயந்து விலகுகிறவர்களும் இருக்கிறார்கள், ஜோடி கிங்கை விட மனமில்லாமல் முதல் மணி நேரத்திலேயே மொத்தத்தையும் இழக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

டெக்சஸ் ஹோல்டெம் விதிகள் தெரிந்து, போட்டி ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் இரண்டு சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

சிப்ஸும் பணமும் ஒன்றல்ல

கேஷ் ஆட்டத்தில் ஒரு சிப் என்பது அதில் எழுதியிருக்கும் தொகைதான். எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோய்ப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். போட்டியில் அப்படி முடியாது. நுழைவுக் கட்டணம் கட்டி, எல்லோரும் ஒரே அளவு சிப்ஸோடு தொடங்குகிறார்கள். சிப்ஸ் தீர்ந்தால் வெளியே. கடைசிவரை நிற்பவர் முதல் பரிசையும், அவருக்கு முன் வெளியேறிய சிலர் அடுத்தடுத்த பரிசுகளையும் பெறுவார்கள். உலகத்திலுள்ள எல்லாச் சிப்ஸையும் குவித்து வைத்திருந்தாலும் முதல் பரிசுக்கு மேல் ஒரு காசு கிடைக்காது.

நீண்ட தூரம் நடக்கக் கிளம்பும் ஒருவரிடம் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். நாணயம் சுண்டலாம், ஜெயித்தால் இரண்டு பாட்டில், தோற்றால் ஒன்றும் இல்லை என்கிறார் ஒருவர். கணக்குப்படி நியாயமான பந்தயம்தான். ஆனாலும் விவரம் தெரிந்தவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டாவது பாட்டில் உதவியாக இருக்கும். முதல் பாட்டில் இல்லாவிட்டால் நடையே முடிந்தது. போட்டிச் சிப்ஸும் இப்படித்தான்: கையிலிருந்து போகும் சிப்ஸின் மதிப்பு, புதிதாக வந்து சேரும் அதே அளவு சிப்ஸின் மதிப்பைவிட அதிகம்.

எவ்வளவு அதிகம் என்பதுதான் பலர் கேட்காமல் விடும் கேள்வி.

ஐ.சி.எம். என்ற கணக்கு

ஒருவர் கையிலிருக்கும் சிப்ஸைப் பரிசுப் பணத்தின் எதிர்பார்ப்பாக (சராசரியாகக் கிடைக்கக்கூடிய தொகையாக) மாற்றிச் சொல்லும் முறைக்கு ஐ.சி.எம். என்று பெயர். குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எந்த இடத்தில் வரும் என்ற வாய்ப்பைக் கணக்கிட டேவிட் ஹார்வில் 1973-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். 1987-இல் மேசன் மால்முத் அதே வழியைப் போக்கருக்குக் கொண்டுவந்தார். அடிப்படை எளிது. மொத்தச் சிப்ஸில் உங்களிடம் எத்தனை பங்கு இருக்கிறதோ அதுவே நீங்கள் முதலிடம் பெறும் வாய்ப்பு. முதலிடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டால், அவரை நீக்கிவிட்டு மீதிச் சிப்ஸில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பார்த்து இரண்டாமிடத்துக்கான வாய்ப்பு. அப்படியே கீழே போகலாம்.

ஒரு சின்னப் போட்டியைப் போட்டுப் பார்ப்போம். 10 பேர், ஆளுக்கு 1,000 சிப்ஸ். மொத்தப் பரிசு 100 அலகு. முதல் மூவருக்கு 50, 30, 20. ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரின் எதிர்பார்ப்பும் 10. முதல் ஆட்டத்திலேயே ஒருவரை வெளியேற்றி உங்கள் சிப்ஸை 2,000 ஆக்கிவிட்டீர்கள். இப்போது உங்கள் எதிர்பார்ப்பு 20 ஆகியிருக்க வேண்டும் என்று தோன்றும். கணக்குப் போட்டால் 18.44 தான் வரும். முதலிடத்துக்கான வாய்ப்பு சரியாக இருமடங்கு ஆகிறது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கான வாய்ப்பு அந்த வேகத்தில் ஏறுவதில்லை. சிப்ஸ் இருமடங்கானது, பணமதிப்பு அப்படி ஆகவில்லை.

ஆக, 10 அலகைப் பணயம் வைத்து 18.44-ஐ எட்டப் பார்க்கிறீர்கள். நஷ்டம் இல்லாமல் இருக்க எத்தனை சதவீதம் ஜெயிக்க வேண்டும்? 10-ஐ 18.44-ஆல் வகுத்தால் 54.2. கேஷ் ஆட்டத்தில் 50 போதும். இங்கே நான்கு புள்ளி கூடுதலாக வேண்டும். அந்தக் கூடுதலைத்தான் "ரிஸ்க் பிரீமியம்" என்கிறார்கள்.

அதே போட்டியில் இப்போது நான்கு பேர் மிச்சம், ஆளுக்கு 2,500. இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்ற மூவருக்கும் பரிசு உறுதி. பரிசுக்கு ஒரு படி முன்னால் நிற்கும் இந்த நிலைக்கு "பபிள்" என்று பெயர். இங்கே உங்கள் எதிர்பார்ப்பு 25. இருமடங்காக்கினால் 38.33. தேவைப்படும் வெற்றி வாய்ப்பு 65.2 சதவீதம்.

உங்களிடம் ஜோடி குயீன். எதிராளி ஆல்-இன் (கையிலுள்ள எல்லாச் சிப்ஸும்) போட்டு, ஏஸ்-கிங்கைத் திருப்பியே காட்டிவிட்டார் என்று கற்பனை செய்யுங்கள். ஜோடி குயீன் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 57 சதவீதம். போட்டியின் தொடக்கத்தில் இதை ஏற்கலாம், 54.2-ஐத் தாண்டுகிறது. பபிளில் விலகிவிட வேண்டும். சீட்டு அதேதான், எதிராளியும் அதேதான், பதில் மட்டும் மாறிவிட்டது.

இதுவரை பார்த்ததன் சாரம்: போட்டியில் இழக்கும் சிப்ஸ், பெறும் சிப்ஸைவிட விலை உயர்ந்தது. ஆனால் அந்த விலை வித்தியாசம் தொடக்கத்தில் சிறியது; பரிசுகளை நெருங்க நெருங்கத்தான் பெரிதாகிறது.

பெரிய போட்டிகளில் அந்த வித்தியாசம் இன்னும் சுருங்கும்

மேலே சொன்னது 10 பேர் ஆடும் போட்டி. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வரும் போட்டியில் நிலைமை இன்னும் தெளிவு. லாஸ் வேகாஸில் நடக்கும் உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 2024-இல் 10,112 பேர் நுழைந்தார்கள். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குப் பரிசு. முதல் நாளின் முதல் மணியில் ஒருவர் தன் சிப்ஸை இருமடங்காக்கினால், அவருடைய எதிர்பார்ப்பும் கிட்டத்தட்ட இருமடங்காகிவிடும். பரிசு எல்லை அவ்வளவு தொலைவில் இருப்பதால் ரிஸ்க் பிரீமியம் மிகக் குறைவு. தேவைப்படும் வாய்ப்பு 50-ஐ ஒட்டியே நிற்கும்.

அதனால், "ஆரம்பத்துலயே வெளியே போயிடக் கூடாது" என்ற காரணத்துக்காக மட்டும் ஜோடி ஏஸை விடுவதற்குக் கணக்கில் இடமே இல்லை. ஜோடி கிங்குக்கு எதிராக ஜோடி ஏஸ் சுமார் 82 சதவீதம் ஜெயிக்கும். ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராக 85. தேவை 50 சொச்சம், கையில் இருப்பது 80-க்கு மேல். இவ்வளவு பெரிய இடைவெளியைத் தூக்கி எறிய எந்தப் பாதுகாப்பு உணர்வும் காரணமாகாது.

பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரியாமல் இல்லை. 80 சதவீதம் என்பது ஐந்தில் ஒருமுறை தோற்பது. மூன்று முறை தொடர்ந்து 80 சதவீத வாய்ப்போடு எல்லாவற்றையும் வைத்தால் மூன்றிலும் தப்பிப்பது 51 சதவீதம்தான். ஊர் கூடி நின்று பார்க்க, எழுந்து வெளியே போவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் வலியும் கணக்கும் வேறு. முதல் மணியில் வெளியேறியவருக்கும் பரிசுக்குச் சற்று முன்பு வெளியேறியவருக்கும் கிடைக்கும் தொகை ஒன்றே: பூஜ்யம். நீண்ட நேரம் உட்கார்ந்திருந்ததற்கு யாரும் பணம் தருவதில்லை.

"வலுவான கை" என்றால் எதற்கு எதிராக?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில் தொடக்க நிலையில் நிஜமாகவே பணத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

ஒரு கை தன்னளவில் வலுவானதாக இருக்க முடியாது; யாருக்கு எதிராக, எத்தனை பேருக்கு எதிராக என்பதைச் சேர்த்தே சொல்ல முடியும். ஏதோ சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராக 85 சதவீதம் ஜெயிக்கும் ஜோடி ஏஸ், அப்படி மூன்று பேருக்கு எதிராக 64-க்கு இறங்கும். எட்டுப் பேரும் கடைசிவரை நின்றால் 35 பக்கம் வந்துவிடும். புதியவர்கள் நல்ல சீட்டைக் கண்டதும் எல்லோரையும் உள்ளே இழுக்கப் பார்த்துச் சும்மா கால் மட்டும் (வைத்திருக்கும் தொகைக்கு ஈடாக வைப்பது) செய்வார்கள். அப்புறம் ஐந்து பேர் ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்க்கிறார்கள், ஒருவருக்கு இரண்டு ஜோடி விழுகிறது. முதலிலேயே ரெய்ஸ் செய்து (தொகையை உயர்த்தி) ஆட்களைக் குறைப்பது ஜோடி ஏஸுக்குச் செய்யும் முதல் மரியாதை.

எதிராளி எந்தெந்தச் சீட்டுகளோடு இப்படி ஆடியிருப்பார் என்ற மொத்தத் தொகுப்புக்கு "ரேஞ்ச்" என்று பெயர். ஜோடி குயீனை மறுபடி எடுத்துக்கொள்வோம். எதிராளி ஏஸ்-ஏஸ், கிங்-கிங், ஏஸ்-கிங் மூன்றோடும் ஆல்-இன் போடுபவர் என்றால், முதல் இரண்டும் தலா 6 விதங்களில் வரலாம், ஏஸ்-கிங் 16 விதங்களில். அந்த 28-க்கும் எதிராகச் சேர்த்துப் பார்த்தால் ஜோடி குயீன் 40 சதவீதம்தான். ஏஸ்-ஏஸ், கிங்-கிங் இல்லாமல் அசையவே மாட்டார் என்றால் 20-க்கும் கீழே போய்விடும். ஜோடி குயீன் நல்ல கைதான். ஆனால் போட்டியின் முதல் மணியில், பொறுமையாக ஆடும் ஒருவர் 150 பிக் பிளைண்டை (அது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்) ஃப்ளாப்புக்கு முன்பே தள்ளும்போது அது நல்ல கை இல்லை.

ஜோடி கிங் விஷயத்தில் இந்தப் பயத்தை நீட்டக் கூடாது. ஒன்பது பேர் மேசையில் உங்களிடம் ஜோடி கிங் இருக்கும்போது, மற்ற எட்டுப் பேரில் யாரிடமாவது ஜோடி ஏஸ் இருக்கும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம். அதற்காக ஃப்ளாப்புக்கு முன் ஜோடி கிங்கைக் கீழே போடும் பழக்கம் நீண்ட நாளில் நஷ்டம்.

ஆழம்: புதியவர்கள் கவனிக்காத எண்

சிப்ஸ் எண்ணிக்கையைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிக் பிளைண்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். பிக் பிளைண்ட் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; போட்டி போகப் போக இது ஏறிக்கொண்டே இருக்கும். உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 60,000 சிப்ஸோடு தொடங்குகிறார்கள், முதல் பிக் பிளைண்ட் 200. அதாவது 300 பிக் பிளைண்ட் ஆழம். மாலையில் ஓடும் வேகமான போட்டிகளில் இதன் சிறு பங்குதான் இருக்கும்.

20 பிக் பிளைண்ட் மட்டும் இருக்கும்போது ஒரு ஜோடியை வைத்து ஆல்-இன் போவது சாதாரணம். 150 இருக்கும்போது அதே ஒரு ஜோடியை வைத்து எல்லாவற்றையும் இழுத்துப்போனால், உங்களோடு கடைசிவரை வருபவரிடம் அதைவிட நல்லது இருக்கும் சாத்தியம் அதிகம். ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்ப்போம்.

சின்ன பிளைண்ட் 100, பிக் பிளைண்ட் 200. ஆன்டியை (சீட்டுப் போடும் முன் கூடுதலாக வைக்கும் கட்டாயத் தொகை) விட்டுவிடுவோம். ஆளுக்கு 30,000 சிப்ஸ். உங்களிடம் ஜோடி கிங். 600-க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் கால் செய்கிறார். பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் சிப்ஸ்) 1,300. ஃப்ளாப் 10-7-2, மூன்றும் வேறு வேறு வகை. 800 வைக்கிறீர்கள். அவர் 2,600-க்கு உயர்த்துகிறார். கால் செய்கிறீர்கள், பாட் 6,500. டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) 4. அவர் 5,000 வைக்கிறார், மறுபடி கால், பாட் 16,500. ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) குயீன். அவர் மிச்சமிருக்கும் 21,800-ஐயும் தள்ளிவிடுகிறார்.

ஒவ்வொரு படியிலும் "ஜோடி கிங் ஆச்சே" என்று கால் செய்துகொண்டே வந்திருப்பீர்கள். இப்போது 21,800 போட்டு மொத்தம் 60,100 உள்ள பாட்டை வெல்லப் பார்க்கிறீர்கள். 36.3 சதவீதம் ஜெயித்தால் நஷ்டம் இல்லை. அவரிடம் என்ன இருக்கலாம்? கையில் 10-10, 7-7, 2-2 இருந்து ஃப்ளாப்பிலேயே மூன்று ஒரே எண் அமைந்திருந்தால், ஒவ்வொன்றும் 3 விதம், மொத்தம் 9. இவை எல்லாமே உங்களை ஜெயிக்கும். வரிசை அமையாமல் போன 9-8, ஒரே வகையில், 4 விதம். இவை வெறும் பாவனை. 13-இல் 4 என்றால் 31 சதவீதம். விலகுவதுதான் சரி. 10-10 இருந்தால் முதலிலேயே மறுபடி ரெய்ஸ் செய்திருப்பார் என்று நினைத்தால் 10-இல் 4 ஆகிறது, 40 சதவீதம், கால் செய்யலாம். இவர் பாவனையாக எதையும் தள்ளாத ஆள் என்று ஒரு மணி நேரமாகப் பார்த்து வைத்திருந்தால் பூஜ்யம்.

இந்தக் கணக்கில் "போட்டியிலிருந்து வெளியேறிவிடுவேனோ" என்ற கேள்வி எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கேஷ் ஆட்டமாக இருந்தாலும் இதே முடிவுதான். எதிராளியின் ரேஞ்சும் ஆழமும்தான் தீர்மானித்தன. தொடக்கத்தில் ஒரு ஜோடியோடு நிதானமாக ஆடச் சொல்வது நல்ல அறிவுரை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு.

பாட்டின் அளவோடு ஒப்பிட்டால் மிச்சச் சிப்ஸ் எத்தனை மடங்கு என்பதைச் சுருக்கமாக எஸ்.பி.ஆர். என்பார்கள். மேலே சொன்ன ஆட்டத்தில் ஃப்ளாப் வந்தபோது 29,400-க்கு 1,300, அதாவது ஏறக்குறைய 23. இது 3, 4 என்று இருந்தால் ஜோடி கிங்கோடு தயங்காமல் போகலாம். 20-க்கு மேல் என்றால் பாட்டைச் சின்னதாக வைத்திருக்கும் வழியைத் தேட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆட்டம் 2017 முதன்மைப் போட்டியில் நடந்தது. மூன்று முறை உலகத் தொடர் பட்டம் வென்ற வனெசா செல்ப்ஸ்ட் முதல் நாள் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே வெளியேறினார். அவர் கையில் ஜோடி ஏஸ். ஃப்ளாப்பில் ஓர் ஏஸும் ஒரு ஏழும் வந்தன, டர்னில் இன்னொரு ஏழு. மூன்று ஏஸும் இரண்டு ஏழுமாக ஃபுல் ஹவுஸ் அமைந்துவிட்டது. அந்த நொடியில் அவரைத் தோற்கடிக்கக்கூடியது ஒரே ஒரு கைதான்: மிச்சமிருந்த இரண்டு ஏழும் ஒருவரிடமே இருப்பது. எதிரே ஆடிய காயெல் போமனிடம் அது இருந்தது. இந்த மாதிரி தோல்வியைத் தவிர்க்க வேண்டும் என்று நினைத்து ஆடினால் போக்கரே ஆட முடியாது. ஜோடி கிங்கோடு 10-7-2-இல் எல்லாவற்றையும் இழப்பதை இதோடு ஒரே தட்டில் வைத்து "துரதிர்ஷ்டம்" என்று சொல்வதும் சரியில்லை.

சாரமாக: ஃப்ளாப்புக்கு முன் ஜோடி ஏஸ், ஜோடி கிங் இருந்தால் ஆல்-இன்னுக்குத் தயங்க வேண்டாம். ஃப்ளாப்புக்குப் பின், ஆழம் அதிகமாக இருந்து, கையில் ஒரு ஜோடிதான் என்றால், எதிராளி எதை வைத்துக்கொண்டு வருகிறார் என்று ஒவ்வொரு படியிலும் கேட்டாக வேண்டும்.

"நான் நன்றாக ஆடுபவன், காத்திருக்கலாமே"

இது கொஞ்சம் வலுவான வாதம். மேசையில் மற்றவர்களைவிடத் திறமையானவர், 52 சதவீத வாய்ப்புக்காக எல்லாவற்றையும் வைக்காமல் நல்ல சந்தர்ப்பத்துக்குக் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. நாணயம் சுண்டுவது போன்ற ஆட்டங்களை அவர் தவிர்க்கலாம்.

ஆனால் இந்த வாதத்தை 60, 70 சதவீதம் வரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே அது உடைகிறது. ஜோடி ஏஸ் 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். நேரில் ஆடும் மேசையில் மணிக்கு 25, 30 ஆட்டம் ஓடினால், ஏழு முதல் ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்குள் பிளைண்ட் பல மடங்கு ஏறியிருக்கும். காத்திருக்கும்போது சிப்ஸ் கரைகிறது. 150 பிக் பிளைண்டாக இருந்தது 30 ஆகிவிட்ட பிறகு, திறமையைக் காட்டவும் இடம் குறைந்துவிடும். அதோடு, திறமையானவர் கையில் சிப்ஸ் அதிகம் இருப்பது அவருக்குக் கூடுதல் ஆயுதம். தொடக்கத்திலேயே கிடைத்த 65 சதவீத வாய்ப்பை விட்டுவிட்டு அதைவிட நல்லது வரும் என்று நம்புவதற்கு, தன் திறமையைப் பற்றி மிகப் பெரிய கணிப்பு வேண்டும்.

ரீ-என்ட்ரியும் சேட்டிலைட்டும்

இப்போது பல போட்டிகளில் முதல் சில மணி நேரத்துக்குள் வெளியேறினால் மறுபடி பணம் கட்டி நுழையலாம்; இதுதான் ரீ-என்ட்ரி. அந்த ஒரு வசதிக்காக மோசமான ஆட்டம் நல்ல ஆட்டமாகிவிடாது. இரண்டாவது நுழைவுக்கும் அதே கட்டணம்தான். முடிவெடுக்கும்போது மேலே சொன்ன கணக்கை அப்படியே போடலாம். பதற்றம் மட்டும் குறையும்.

பெரிய போட்டிக்கான நுழைவையே பரிசாகத் தரும் சேட்டிலைட் போட்டியின் கதை வேறு. இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கிடையாது. பெரிய போட்டிக்கான நுழைவுச் சீட்டு 10 இருக்கிறது என்றால் கடைசியாக நிற்கும் 10 பேருக்கும் ஒரே பரிசு. 11 பேர் மிச்சம் இருக்கிறார்கள், உங்களிடம் மூன்றாவது அதிகச் சிப்ஸ், ஒருவரிடம் 2 பிக் பிளைண்ட்தான் என்று வையுங்கள். அதிகச் சிப்ஸ் உள்ளவர் ஆல்-இன் போடுகிறார், உங்களுக்கு ஜோடி ஏஸ். விலகினால் நுழைவுச் சீட்டு அநேகமாக உறுதி. கால் செய்தால் எல்லாமே போய்விடும் வாய்ப்பு ஏறக்குறைய 15 சதவீதம். ஜெயித்தால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. ஜோடி ஏஸைக் கீழே போட்டுவிட வேண்டியதுதான். அதே சேட்டிலைட்டின் முதல் மணியில், எல்லோரிடமும் சமமான சிப்ஸ் இருக்கும்போது, அதே ஜோடி ஏஸோடு அதே ஆல்-இன்னைக் கால் செய்யலாம்.